சீட்டு நடத்துகிற பெரியம்மாவுக்கு ஒன்று, இரண்டு சொல்லித்தரச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வயதுவந்தோருக்குக் கணக்குப் பாடம் எழுதுகிறவர்களுக்கும், அந்தப் பாடத்துக்குத் தேர்வுத்தாள் அமைக்கிறவர்களுக்கும், "இந்த மாசம் எத்தனை பேர் முடிச்சாங்க" என்று போனில் மட்டும் விசாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் ராத்திரி வகுப்பு எடுக்கிற தன்னார்வலர். சம்பளம் கிடையாது. அது தெரிந்துதான் வந்தேன், அதைப் பற்றி இங்கே புலம்பப் போவதில்லை. வகுப்பு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வராந்தா, ஒரு டியூப்லைட், அதைச் சுற்றி ஈசல், பதினாறு பேர் பெயர் கொடுத்து ஒன்பது பத்துப் பேர் வருகிற கூட்டம், அவ்வளவுதான். எல்லாரும் பெண்கள். ஆண்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை, ஆனால் பொண்டாட்டி பார்க்க சிலேட்டு பிடிக்க யாரும் தயாரில்லை. அது தனிக் கதை.

முதல் நாள் ராத்திரி நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1, 2, 3 என்று பலகையில் எழுதி, பக்கத்தில் அத்தனை பூ வரைந்து, "சொல்லுங்க, இது எத்தனை?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வை இல்லை, பாவம் இந்தப் பிள்ளை என்கிற பார்வை. பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டு, "ஏம் பாப்பா, அது ஊருக்கே சீட்டுப் போடுறது, அதுகிட்டப் போயி மூணு பூவக் காட்டி எத்தனைங்கிற" என்றார். எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த மாதம் சீட்டு ஏலத்தன்று நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். இருபது பேர், ஆளுக்கு 500, மொத்தம் 10,000. (பதிவு செய்யாத சீட்டு, சட்டம் என்று யாரும் கிளம்ப வேண்டாம், இங்கே பேச்சு அது இல்லை.) அன்றைக்கு 1,800 தள்ளுக்கு ஏலம் போனது. (தள்ளு என்பது சீட்டை எடுக்கிறவர் விட்டுக்கொடுக்கிற தொகை. அதில் சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் போக மிச்சம் எல்லாருக்கும் பங்கு.) ஏலம் முடிந்த மூச்சிலேயே பெரியம்மா சொன்னார், "ஆளுக்கு நானூத்தி முப்பத்தஞ்சு எடுத்து வைங்க." நான் போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரி. எப்படிப் போட்டீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தள்ளு ஆயிரத்தி எட்நூறுல கமிஷன் ஐநூறு போயிருச்சா, மிச்சம் பதிமூணு நூறு. ஒரு நூற இருவது பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு அஞ்சு. பதிமூணு நூறுக்குப் பதிமூணு அஞ்சு, அறுவத்தஞ்சு. ஐநூறுல அறுவத்தஞ்சக் கழி."

இதைப் பள்ளிக்கூடத்து மொழியில் சொன்னால் பங்கீட்டு விதி, வகுத்தல், கழித்தல் மூன்றும் சேர்ந்த கணக்கு. பேப்பர் இல்லை, பேனா இல்லை, மடியில் வெற்றிலை இருந்தது.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் அவரிடம் சாக்பீஸைக் கொடுத்து, "அந்த நானூத்தி முப்பத்தஞ்ச எழுதுங்க பெரியம்மா" என்றேன். ரொம்ப நேரம் யோசித்து 400305 என்று எழுதினார். நானூறு, முப்பது, ஐந்து. காதில் விழுகிறபடியே எழுதியிருக்கிறார், எழுதிய எண்ணோ நாலு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

உங்கள் தேர்வில் இந்த அம்மாவின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2022 முதல் 2027 வரை நடக்கிற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண், அதில் வாசிப்புக்கு 50, எழுதுவதற்கு 50, எண்ணறிவுக்கு 50. எண்ணறிவுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி, எழுத்தறிவு என்றாலே கையெழுத்துப் போடுவது என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் அந்த ஐம்பதிலும் நீங்கள் அளப்பது கணக்கு தெரியுமா என்பதையா, கணக்கை எழுதத் தெரியுமா என்பதையா? இரண்டும் வேறு வேறு. பெரியம்மாவுக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. அவர் எண்ணறிவு இல்லாதவர் என்று பேப்பர் சொன்னால் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நான் எந்த முகத்தோடு அவர் வீட்டு வாசலில் நிற்பது?

இது எங்கள் ஊர் அதிசயம் இல்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் கூட்டாளிகளோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் கணக்கைச் சோதித்துப் பார்த்து, 2025-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். சந்தையில் சரக்கு விற்கும்போது மனசிலேயே போட்டுச் சரியாகச் சில்லறை கொடுக்கிற பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கைப் புத்தகத்தில் இருக்கிறபடி தாளில் வைத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோ தலைகீழ், தாளில் போடுவார்கள், சந்தைக் கணக்கில் திணறுவார்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அந்தக் கரை தெரியவில்லை, அந்தக் கரைக்காரர்களுக்கு இந்தக் கரை தெரியவில்லை. பாலம் கட்டுவது யார் வேலை? பாடம் எழுதுகிறவர்கள் வேலை, அதாவது உங்கள் வேலை.

400305 விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று பிஸ்கட் டப்பா தேவைப்பட்டது. ஒன்றில் நூறு ரூபாய்த் தாள், ஒன்றில் பத்து ரூபாய்த் தாள், ஒன்றில் ஒரு ரூபாய்க் காசு. (பிள்ளைகள் விளையாடுகிற பொய் நோட்டுதான், என்னிடம் அவ்வளவு பணம் ஏது. ஐம்பதும் இருநூறும் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.) 435-க்கு ஒவ்வொரு டப்பாவிலும் எத்தனை தாள் என்று மட்டும் எழுது, எவ்வளவு பணம் என்று எழுதாதே. நாலு, மூணு, அஞ்சு. நாலாம் நாள் பெரியம்மாவுக்குப் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப ஒரு டப்பாவுல ஒண்ணுமே இல்லன்னா?" பூஜ்ஜியம் எதற்கு என்பதை நான் சொல்லித்தரவில்லை, அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொரு சங்கதி, இது தமிழில் பாடம் எழுதுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. எங்கள் வகுப்பில் ஒரு அக்கா எத்தனை தடவை சொன்னாலும் தொண்ணூறு என்றால் 900 என்றும் தொள்ளாயிரம் என்றால் 9000 என்றும் எழுதிக்கொண்டிருந்தார். எண்பது சரியாக வருகிறது, எண்ணூறு சரியாக வருகிறது, இது மட்டும் போகிறது. எனக்கு எரிச்சல். ஒருநாள் அவரே சலித்துப்போய், "தொண்ணூறுல நூறு இருக்குல்ல, தொள்ளாயிரத்துல ஆயிரம் இருக்குல்ல, நீதான சொன்ன காதக் குடுத்துக் கேளுன்னு" என்றார். எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். எழுபது, எண்பது என்று 'பது' போட்டு வந்துகொண்டிருந்த பேச்சு, ஒன்பதாவது இடத்தில் மட்டும் 'நூறு' என்று ஒரு படி மேலே தாவுகிறது. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, திடீரென்று தொள்ளாயிரம். முப்பது வருஷமாகத் தமிழ் பேசுகிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை, ஏனென்றால் நான் எண்ணை முதலில் கண்ணால் கற்றவள். அவர் வாழ்நாள் முழுக்கக் காதால் கற்றவர். தப்பு அவருடையது இல்லை, மொழியின் குறும்பு. 90-க்கும் 900-க்கும் தனியாக ஒரு பக்கம், ஒரு நாள், கொஞ்சம் சிரிப்பு ஒதுக்குங்கள். 80-க்கு அடுத்து வருகிற இன்னொரு எண்ணாக அதைக் கடந்து போகாதீர்கள்.

இனி தராசு. எனக்கு ரொம்ப வருத்தம் தந்த விஷயம் இது.

எங்கள் பக்கம் மல்லி. விடிவதற்கு முன்னாலேயே டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு பூவெடுக்கப் போவார்கள். எடுத்த பூ கமிஷன் கடைக்குப் போகும். முன்பெல்லாம் படிக்கல் போட்டு நிறுத்தார்கள், இரண்டு கிலோ கல், ஒரு கிலோ கல், அரைக் கிலோ கல், கல்லைப் பார்த்தாலே எடை தெரியும். இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் தராசு, சிவப்பு எழுத்தில் மின்னுகிறது. வகுப்புக்கு வருகிற அக்கா ஒருவருக்கு இருபது சென்ட் பூந்தோட்டம். ஒருநாள் அவருடைய பூ 3.050 என்று காட்டியிருக்கிறது. கிலோ 640, நூற்றுக்குப் பத்து கமிஷன். அக்கா மனசில் போட்டது: மூணரை கிலோ, இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது, கமிஷன் இருநூற்று இருபத்து நாலு போகக் கைக்கு இரண்டாயிரத்துப் பதினாறு. கடையில் கொடுத்தது 1,756. இருநூற்று அறுபது ரூபாயை அமுக்கிவிட்டார்கள் என்று கடைவாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார். நாலு பேர் கூடி, தராசைக் காட்டி, கணக்கு எழுதின சீட்டான சிட்டையைக் காட்டி, சிரித்து அனுப்பியிருக்கிறார்கள்.

கடைக்காரர் சரிதான். 3.050 என்றால் மூன்று கிலோ ஐம்பது கிராம். அக்காவின் கணக்கும் ஒரு ரூபாய் பிசகவில்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள், மூணரைக்கு அதுதான் வரும். பிசகியது அந்தப் புள்ளி ஒன்றுதான். புள்ளிக்கு அப்புறம் அஞ்சு தெரிந்தால் அரை என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள், முன்னால் நிற்கிற பூஜ்ஜியத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவில்லை. சண்டையை விடுங்கள், அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த நாளிலிருந்து அவர் சிட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கொடுக்கிறதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவார். "நமக்கெதுக்குக் கண்ணு, நம்ம கணக்குத்தான் தப்பாப் போகுதே."

அவருடைய கணக்கு தப்பாகப் போகவே இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. தராசைப் படிக்கச் சொல்லித்தரக் கால் மணி நேரம். புள்ளிக்கு முன்னால் கிலோ, பின்னால் இருக்கிற மூன்றும் கிராம். 050, ஐம்பது கிராம். 500, ஐநூறு கிராம். 750, முக்கால். முடிந்தது பாடம். தசமம், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று எதுவும் சொல்லவில்லை, அதெல்லாம் பின்னால் வரட்டும். கிலோவும் கிராமும் உங்கள் பாடத்தில் வராமல் போகாது, எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றிலிருந்து நூறு வரை எண், கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று அங்கே வந்து சேர்வதற்குள் பாதிப்பேர் இறங்கிப் போய்விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை சரி, அவர்களுக்குக் காலம் கிடக்கிறது. நாற்பது ஐம்பது வயது ஆளுக்கு நாளைக் காலை தராசு முன்னால் நிற்க வேண்டும். அவருக்குப் பாடம் அங்கே ஆரம்பிக்கட்டுமே?

மூத்தவர்களிடம் இன்னொரு சொத்து இருக்கிறது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அதற்கு அப்புறம் பிறந்தவர்கள்கூட இன்னும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும் கால் ரூபாயை நாலணா என்றும் சொல்கிறார்கள். பாதி வேலை முடிந்தது என்பதற்கு எட்டணா வேலை முடிந்தது என்பார்கள். "முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு" என்று சொல்கிற பாட்டி எங்கள் வகுப்பில் ஒருத்தர் உண்டு. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, முக்கால் என்றால் பன்னிரண்டு வீசம், ஆக மொத்தம் பதினைந்து வீசம், பாக்கி ஒரு வீசம். பின்னக் கூட்டல்! பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டி பேச்சுவாக்கில் பின்னத்தைக் கூட்டிச் சொல்கிறார், நாம் அவருக்கு முக்கால் என்றால் என்ன என்று வட்டம் வரைந்து கலர் அடித்துக் காட்டுகிறோம். அந்த வீசத்தையும் அணாவையும் பாடத்துக்குள் கொண்டுவந்தால் சதவீதத்துக்குப் பாதி தூரம் போய்விடலாம். ரூபாய்க்கு நாலணா என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து. நகைக்கடையில் சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால், எட்டு கிராம் சவரனில் ஏறக்குறைய ஒரு கிராமுக்கான காசு. இதைச் சொன்னபோது வகுப்பில் ஐந்து நிமிஷம் சத்தம் அடங்கவில்லை.

சரி, நான் ஏதோ தலைக்கணக்கைத் தூக்கிவைத்துக் கொண்டாட வந்ததாக நினைத்துவிடாதீர்கள். "அவங்களுக்கு எல்லாம் தெரியும், நாமதான் அவங்ககிட்டக் கத்துக்கணும்" என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது. தலைக்கணக்குக்கு எல்லை உண்டு. பழகிய சரக்கு, பழகிய தொகை, பழகிய வட்டம் வரைக்கும்தான் ஓடும். அதைத் தாண்டினால் இதே பெரியம்மா ஏமாறுவார், ஏமாந்தும் இருக்கிறார்.

ஒரு தனியார் கடன். 30,000 ரூபாய், பன்னிரண்டு மாதம், "ஒரு வட்டிதாம்மா" என்று சொல்லிக் கொடுத்தது. எங்கள் பக்கம் ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், குறைந்த வட்டி. மாதம் 2,800 கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 33,600 கட்டுகிறோம், 3,600 கூட என்பதெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியும். "வருஷத்துக்கு நூத்துக்குப் பன்னெண்டு, சரியாத்தான இருக்கு?"

இந்தக் கணக்கு எனக்கும் வெகுகாலம் தெரியாது, சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டி லோன் எடுத்துக் கட்டி முடித்த பிறகுதான் யாரோ சொல்லிப் புரிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் 41 வாங்கியவள் நான், என்னைத் தன்னார்வலராக எடுத்தபோது யாரும் அதைக் கேட்கவில்லை.

பலகையை விட்டுவிட்டுப் புளியங்கொட்டை எடுத்தோம். பன்னிரண்டு கொட்டை, ஒவ்வொன்றும் 2,500, ஆக 30,000. மாதம் ஒரு கொட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், கூடவே வட்டி 300. முதல் மாதம் கையில் பன்னிரண்டு கொட்டை இருந்தது, முப்பதாயிரத்துக்கு முந்நூறு, ஒரு வட்டி, சரி. ஆறு கொட்டை திருப்பிக் கொடுத்தாச்சு, கையில் இருப்பது பதினைந்தாயிரம், வட்டி மட்டும் அதே முந்நூறு. ஒரு அக்கா மெல்ல, "அப்ப ரெண்டு வட்டி ஆகுதே" என்றார். நாலு கொட்டைக்கு வந்தபோது மூணு வட்டி. ரெண்டு கொட்டை, ஆறு வட்டி. கடைசி மாதம் கையில் ஒரே ஒரு கொட்டை, 2,500 ரூபாய், அதற்கும் முந்நூறு. யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பெரியம்மாதான் சொன்னார், "பன்னெண்டு வட்டி. இது கந்துவட்டியில்ல?"

கடைசி மாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது நியாயமில்லைதான், மொத்தமாகப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றுக்கு 21, 22 வரும், அதையும் சொன்னேன். ஆனால் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குவது எப்படி நடக்கிறது என்பதை அன்றைக்கு ஒன்பது பெண்களும் கண்ணால் பார்த்தார்கள். கடன் கொடுக்கிற வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி வீதத்தை ஒரு தாளில் போட்டு, கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, 2024 அக்டோபரிலிருந்து வீட்டுக்கடன், வண்டிக்கடன் என்று சில்லறைக் கடன் அத்தனைக்கும் அது பொருந்தும். நல்ல விதி. ஆனால் அந்தத் தாளில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தருகிற பாடம் எங்கே? திட்டத்தின் குறிப்புகளில் நிதி எழுத்தறிவு என்று ஒரு தலைப்பு இருக்கிறது, படித்தேன். அதை எண்ணறிவுக்கு அப்புறம் வருகிற தனிப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் வராந்தாவில் அந்த இரண்டும் ஒரே பாடம். அதைப் பிரித்தால் எண்ணறிவு உப்புச்சப்பில்லாமல் போகிறது, நிதி எழுத்தறிவு போஸ்டர் ஆகிவிடுகிறது.

போன் விஷயம். வகுப்பில் கால்குலேட்டர் கூடாது என்று எங்களிடம் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பழகிவிட்டால் கணக்கு மறந்துபோகும் என்றார்கள். சொன்னவர் பையிலும் போன் இருந்தது, அவரும் அன்றைக்குப் பயணப்படி கணக்கை அதில்தான் போட்டார். நான் அதைக் கேட்கவில்லை, மன்னித்துவிடுங்கள், வகுப்பில் போனை எடுக்கச் சொன்னேன். பூக்கார அக்கா 3.050-ஐப் புள்ளி வைக்காமல் அடித்து 640-ஆல் பெருக்கிவிட்டார். வந்தது 19,52,000. போனை எல்லாரிடமும் காட்டி, "பத்தொம்போது லட்சத்துக்குப் பூ வித்துட்டேன்டி" என்று அவர் குதித்ததில் வராந்தாவே அதிர்ந்தது. முந்தைய மாதம் சிட்டையைப் பார்க்கவே பயந்த அதே ஆள். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அடிப்பதற்கு முன்னால் எம்புட்டு வரும் என்று உத்தேசமாகச் சொல்ல வேண்டும். மூணு கிலோ, அறுநூத்திச் சொச்சம், ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ வரும். இப்போது அடி. 1,952. சரி. மனசுக்கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது, கால்குலேட்டர் இல்லாமல் அந்தப் பயிற்சிக்கே வேலை இல்லை.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எண்ணறிவு ஐம்பதில் ஒரு பங்கை, பத்தாவது இருபதாவது, வாயால் கேளுங்கள். ஆளைக் கூப்பிட்டு, அவர் தொழிலில் இருந்து ஒரு கணக்கைக் கேட்டு, எப்படிப் போட்டீர்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். இன்னொரு பங்குக்கு அவர்கள் கையில் இருக்கிற தாளையே கொண்டுவரச் சொல்லுங்கள், சிட்டை, மின்கட்டண அட்டை, வங்கிப் பாஸ்புக், எது வேண்டுமானாலும். அதில் ஒரு எண்ணைத் தொட்டுக் காட்டி, இது என்ன, இது ஏன் இவ்வளவு என்று கேட்டால் போதும். தேர்வு நாளையும் மல்லி சீசனில் வைக்காதீர்கள். மொட்டு மலர்வதற்கு முன்னால் பூ எடுத்தாக வேண்டும், உங்கள் சுற்றறிக்கைக்காகச் செடி காத்திருக்காது. நெல் ஊரில் அறுப்பு பார்த்து வையுங்கள், உப்பளத்து ஊரில் அவர்களைக் கேட்டு வையுங்கள். மாநிலம் முழுக்க ஒரே ஞாயிற்றுக்கிழமை என்பது உங்கள் வசதிக்கு.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எப்படி நடந்தது என்று உங்கள் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அங்கே பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். கல்குவாரியில் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். குத்தகை எடுத்தவருக்கு எத்தனை லோடு, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைக்காமல் முடியுமா? அங்கே கணக்கு தேவையாக வந்தது, பாடமாக வரவில்லை. இப்போதைய திட்டத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 1,037.90 கோடி, ஐந்து கோடிப் பேருக்கு. ஆளுக்கு எவ்வளவு என்று எங்கள் பெரியம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார், நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று எனக்காகக் கேட்கிறேன். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்று ஒரு நாள் கூட்டி, அதில் பாதி நாள் செயலியில் பெயர் ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தந்து அனுப்பாதீர்கள். என்னைப் போல 41 வாங்கியவர்கள்தான் பெரும்பாலும் வந்திருப்போம். எங்களுக்குக் கணக்கென்றால் உள்ளுக்குள் உதறல், அதை மறைக்க நாங்கள் பலகையைப் பார்த்துக் கத்துவோம். தொண்ணூறு ஏன் 900 ஆகிறது, 435 ஏன் 400305 ஆகிறது, 3.050 ஏன் மூணரை ஆகிறது என்று இந்த மாதிரித் தப்புகளை மட்டும் எடுத்துவைத்து ஒரு நாள் பேசினால் போதும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தன்னார்வலரிடமும் இப்படிப் பத்துத் தப்பு இருக்கும். அதைச் சேகரித்தாலே ஒரு பாடப்புத்தகம் ஆகிவிடும், ஓவியருக்குப் பூ வரையச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பூக்கார அக்கா போன வாரம் மறுபடி சிட்டையைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். கடைக்காரர் ஏதோ சொல்லவும் தராசையே பார்த்துக்கொண்டு, "ரெண்டு எழுநூத்தம்பது, ரெண்டே முக்கா, எழுதுங்க" என்றாராம். எழுதினார்களாம்.

நீங்கள் யாராவது நேரில் வந்து பார்ப்பதென்றால் ராத்திரி எட்டரைக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் யாரும் அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். மாதம் பத்தாம் தேதி வராதீர்கள், அன்றைக்குச் சீட்டு ஏலம், வகுப்பு இல்லை. வரும்போது புதுப் புத்தகக் கட்டு எதுவும் வேண்டாம். ஒரு எலக்ட்ரானிக் தராசு கிடைத்தால் எடுத்து வாருங்கள், நாங்கள் இரவல் வாங்கி வைத்திருந்ததைக் கடைக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
வராந்தா வகுப்பு டீச்சர் (பெரியம்மாவுக்கு இன்னும் பாப்பாதான்)